ஹூவரில் ஒரு வாரம்: கல்லூரி பேஸ்பாலின் கான்ஃபரன்ஸ் கோப்பை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'கான்ஃபரன்ஸ்' என்றால் கருத்தரங்கம் அல்ல. பருவம் முழுவதும் தமக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. பேஸ்பாலில் இவற்றுள் பெரும்பேர் பெற்றது தென்கிழக்கு மாநிலங்களின் 'சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்'. சுருக்கமாக எஸ்.இ.சி.

இதன் கோப்பைப் போட்டி 1977இல் தொடங்கியது. 1998 முதல் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாமை ஒட்டிய ஹூவர் நகரில், மே மாதப் பிற்பகுதியில் நடந்துவருகிறது. கொரோனா பரவிய 2020இல் மட்டும் நடக்கவில்லை. கூடைப்பந்து நாயகன் மைக்கேல் ஜோர்டன் 1994இல் பேஸ்பால் ஆடவந்தபோது அவருடைய அணிக்குச் சொந்த மைதானமாக இருந்ததும் இதே ஹூவர் மைதானம்தான். அதிகமுறை, அதாவது 12 தடவை, கோப்பை வென்ற அணி லூசியானா ஸ்டேட்.

2024 வரை நடுக்கட்ட ஆட்டங்களில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். 2025 முதல் ஒரு தோல்வியே போதும். இப்போது 16 அணிகளும் கலந்துகொள்கின்றன. முதல் நான்கு இடம் பெற்றவை நேராகக் காலிறுதியில் இறங்கும்.

சரி, வென்றால் என்ன கிடைக்கும்? தேசியப் போட்டியில் 64 அணிகளுக்கு இடமுண்டு. ஏறத்தாழ 30 இடங்கள் கான்ஃபரன்ஸ்களிலிருந்து நேரடியாக வருபவர்களுக்கு; மீதியைத் தேர்வுக்குழு நிரப்பும். கடைசி எட்டு அணிகள் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் சந்திக்கும்.

இங்கேதான் விசித்திரம். எஸ்.இ.சி. அணிகள் பலவற்றுக்கும் இடம் ஏற்கனவே உறுதி. ஆகவே பயிற்சியாளர் தம் சிறந்த பந்துவீச்சாளரின் தோளை அடுத்த வாரத்துக்கென்று காப்பாற்றி வைக்கவே நினைப்பார். 2022இல் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி (செல்லமாக 'ஓல் மிஸ்') ஹூவரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தேசியப் போட்டிக்குள் கடைசியாக நுழைந்த அணிகளில் ஒன்றான அதுவே ஒமாஹாவில் வாகை சூடியது. 2025இல் நேர்மாறு: ஹூவரில் வென்று, தேசியத் தரவரிசையில் முதலிடமும் பெற்ற வாண்டர்பில்ட், அடுத்த வாரமே சொந்த மண்ணில் வெளியேறியது. இரண்டையும் ஒருசேர வென்றது 2024இன் டென்னசி.

சிறிய கான்ஃபரன்ஸ்களின் கதையே வேறு. அங்கே பெரும்பாலும் கோப்பை ஒன்றே வாசல். இரண்டாம் இடத்துக்கு எதுவும் இல்லை. 2008இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணி தன் கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றே உள்ளே நுழைந்தது. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் நான்காம் இடம் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்கள் தோற்ற அவ்வணி, இறுதியில் எஸ்.இ.சி.யைச் சேர்ந்த ஜார்ஜியாவை மூன்று ஆட்டங்களில் இரண்டில் வீழ்த்தித் தேசியப் பட்டம் பெற்றது.

ஆகவே மே மாதக் கடைசி வாரத்தில் தொலைக்காட்சியில் ஹூவரைப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் கூட்டமில்லாத ஏதோ ஒரு சிறு மைதானத்து ஆட்டமும் கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஆடுபவர்களில் பலருக்குத் தொழில்முறை அணி எதுவும் காத்திருக்கவில்லை. தோற்றால், பல ஆண்டுகளாக ஆடிவந்த ஆட்டம் அன்று மாலையோடு முடிந்துவிடும்.