ஒன்றரை விநாடியும் மருதையாற்றுப் பாலமும்

போன தடவை ஊருக்குப் போறப்ப பெரம்பலூர் நெருங்கும்போது ஒரு ஆடு ரோட்டுக்குக் குறுக்க பாய்ஞ்சிடுச்சு. பிரேக்கை மிதிச்சேன். ஆடு தப்பிச்சிடுச்சு, எனக்குத்தான் பத்து நிமிஷத்துக்குக் கை நடுக்கம் நிக்கல. பக்கத்துல இருந்த அப்பா, "பாத்துக்கிட்டுதானடா வந்த? முன்னாடியே பிரேக் போட வேண்டியதுதான?" என்றார். பதில் சொல்ல முடியல.

ராத்திரி படுத்துக்கிட்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி!). 80 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 22 மீட்டர். எதிர்பாராம ஒண்ணு குறுக்கே வந்தா, பார்த்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதுக்குள்ள வண்டி 33 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான்.

அரியலூர்ல வளர்ந்தவங்களுக்கு இந்தக் கணக்கு வேற ஒரு ஞாபகத்துல போய் நிக்கும். 1956 நவம்பர் 23, விடியற்காலை. எழும்பூர்லேர்ந்து கிளம்பின தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மருதையாற்றுப் பாலத்துக்கிட்ட வெள்ளம் கரையை அரிச்சுட்டுப் போன இடத்துல கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல இறந்தாங்க. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினார். அதே வருஷம் செப்டம்பர்ல மகபூப்நகர் விபத்துக்கும் ராஜினாமா கொடுத்தவர்தான்; அப்ப ஏத்துக்காத நேரு இந்தத் தடவை ஏத்துக்கிட்டார். துணை அமைச்சர் ஓ.வி.அழகேசன் பேரை வச்சு 1957 தேர்தல்ல எதுகை மோனையோட கோஷம் போட்டது இன்னிக்கும் பெருசுங்களுக்கு மனப்பாடம். (இன்னொரு விஷயம்: அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது 2007 நவம்பர் 23. அதே தேதி! யாரும் நினைச்சுப் பண்ணியிருக்க மாட்டாங்க.)

டீக்கடையில இந்தப் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "டிரைவர் பிரேக் போட்டிருக்கலாமே?" அப்பா ஆட்டுக்குக் கேட்ட அதே கேள்வி. இதுக்குப் பதில் தேடிப் போனா ஒரு நல்ல கதை கிடைச்சுது.

1796. லண்டன் பக்கம் கிரீனிச் வானியல் கூடம். தலைமை வானியலாளர் மாஸ்கெலின், தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையை விட்டு அனுப்பிட்டார். குற்றம் என்னன்னா, தொலைநோக்கிக் கம்பியை நட்சத்திரம் கடக்கிற நேரத்தை அவர் மாஸ்கெலினை விட 0.8 விநாடி தாமதமா குறிச்சார். காதுல கடிகார டிக் டிக், கண்ணுல நட்சத்திரம், ரெண்டையும் மனசுல சேர்த்து பத்தில் ஒரு விநாடி வரைக்கும் சொல்லணும். பாவம், வேலை போச்சு. 1820 வாக்குல பெஸ்ஸல்ங்கிற ஜெர்மன் வானியலாளர் இதைப் படிச்சுட்டு, தன்னையும் மத்த வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த ரெண்டு பேருக்கும் நேரம் ஒத்துப் போகல. சில ஜோடிக்கு ஒரு விநாடிக்கு மேலயே வித்தியாசம். கின்னிபுரூக் சோம்பேறி இல்ல, மனுஷனே அப்படித்தான்னு ஆச்சு. இதுக்கு 'தனிநபர் சமன்பாடு'ன்னு பேர் வச்சாங்க.

நம்ம சென்னைக்கும் இதுல பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டின வானியல் கூடத்துலயும் இதே கண்ணும் காதும் வேலைதான். கிரீனிச்சில் வேலை பார்த்துட்டு 1830ல இங்க வந்த டி.ஜி.டெய்லர் 11,015 நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டார். அந்தக் கூடத்தோட மெட்ராஸ் நேரம்தான் பிறகு இந்திய ரயில்களுக்கே பொது நேரம் ஆச்சு, 1906ல ஐ.எஸ்.டி. வர்ற வரைக்கும்.

மனசு எடுத்துக்கிற நேரத்தை அளக்கலாம்னு ஐரோப்பாவுல துணிஞ்சது அதுக்கப்புறம்தான். 1850ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்புல செய்தி போற வேகத்தை அளந்தார்: விநாடிக்கு சுமார் 30 மீட்டர். மின்னல் வேகம்னு நினைச்சது கிட்டத்தட்ட நம்ம எக்ஸ்பிரஸ் ரயில் வேகம்! 1868ல டச்சுக்காரர் டாண்டர்ஸ், ஒரே விளக்குக்குப் பட்டன் அழுத்துறதை விட, எந்த விளக்குன்னு பார்த்துத் தேர்ந்து அழுத்த அதிக நேரம் ஆகுதுன்னு காட்டினார். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா, முடிவெடுக்க ஆன நேரம் கிடைச்சுடும். 1952ல ஹிக் இன்னும் மேல போய், சாய்ஸ் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரே அளவு நேரம் கூடுதுன்னார். லாக் டூ. நம்ம பைனரி சர்ச் மாதிரியேதான்.

இதுல எனக்குப் பிடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒளியை விட ஒலிக்கு நாம சீக்கிரம் அசையறோம், ஒளிக்கு 0.2 விநாடின்னா ஒலிக்கு சுமார் 0.15. ரெண்டு, எதிர்பார்த்துட்டு இருந்தா முக்கால் விநாடியில பிரேக்குக்குப் போற கால், எதிர்பாராம வந்தா ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

இப்ப மருதையாறு. இருட்டு, மழை. கரை அரிச்சுப் போன இடத்துல தண்டவாளம் அந்தரத்துல அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கலாம். என்ஜின்லேர்ந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். அந்த ரயிலோட வேகத்தை விடுங்க, பொதுவா 60 கிலோமீட்டர்னே வச்சுக்குங்க. ஒன்றரை விநாடியில 25 மீட்டர் போயிடும். அதுக்கப்புறம் வேக்குவம் பிரேக் பெட்டி பெட்டியா பரவி பிடிச்சு, அவ்வளவு எடையும் நிக்கணும்னா இன்னும் சில நூறு மீட்டர் வேணும். பதறாத மகா கெட்டிக்கார டிரைவரா இருந்தாக்கூட, மிச்சமாகிறது பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். டீக்கடைக் கேள்வியே தப்புங்க.

சரியான கேள்வி: அவருக்கு முன்னாடியே யார் சொல்லியிருக்கணும்? சாஸ்திரி பதவியை விட்டதை வெறும் நல்லொழுக்கக் கதையா சொல்றாங்க. எனக்கு அது சரியான கணக்காவும் தெரியுது. பொறுப்பு, நேரம் இருந்தவங்க கிட்டதான் இருக்கணும். ஒன்றரை விநாடி மட்டும் இருந்தவர்கிட்ட இல்ல.

1841லயே எட்வர்ட் கௌப்பர்ங்கிற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தார்: டெட்டனேட்டர். தண்டவாளத்து மேல கட்டி வைக்கிற சின்ன வெடி. சக்கரம் ஏறினா டமால். மழையோ பனியோ, கண்ணுக்குத் தெரியலைன்னாலும் காதுல விழும். பாதையில ஆபத்துன்னா இப்போதைய விதிப்படி அகலப்பாதையில 600 மீட்டர்ல ஒண்ணு, 1200 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில மூணு. 100 கிலோமீட்டர் வேகத்துலயும் 1200 மீட்டர்னா 43 விநாடி.

மழைக்காலத்துல ராத்திரி ரயில்ல வந்தா, ஜன்னல் வழியா எப்பவாவது தண்டவாளத்தோரமா ஒரு விளக்கு ஆடிக்கிட்டே போறதைப் பார்க்கலாம். மழைக்கோட்டு போட்ட ரோந்து ஊழியர். இப்ப ஜி.பி.எஸ். கருவி கூட கொடுத்திருக்காங்க. பையில அந்த வெடிகள் இருக்கும்.