முதல் நாள் தட்டுப்பாடு: கன்சோல் மறுவிற்பனையின் வரலாறு

1990 நவம்பர் 21, புதன்கிழமை. ஜப்பானியக் கடைகளில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் 25,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. முதல் தவணையாக அனுப்பிய சுமார் 3 லட்சம் கன்சோல்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. சரக்கு வழியிலேயே கொள்ளை போய்விடும், குறிப்பாக யாகுசா கும்பல்கள் கைவைக்கும் என்று அஞ்சிய நிறுவனம், லாரிகளை இரவோடு இரவாக ரகசியமாக அனுப்பியது. விளையாட்டுப் பெட்டிக்குக் கொள்ளைப் பயம் வந்துவிட்டதென்றால், அதற்குக் கடை விலையைவிடப் பெரிய வெளிவிலை ஒன்று உண்டென்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று பொருள்.

இதற்கு முன்னோட்டம் 1988 பிப்ரவரியிலேயே நடந்துவிட்டது. டிராகன் குவெஸ்ட் 3 என்ற விளையாட்டு வெளியான நாளும் ஒரு புதன்கிழமைதான். பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்ற மாணவர்களைக் காவல்துறை பிடித்தது. சூப்பர் ஃபாமிகாம் நாளின் நெரிசலும் சேர்ந்துகொள்ள, வேலைநாளில் வெளியிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்ற நெருக்குதல் நிறுவனங்கள் மீது விழுந்தது. பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2, வீ ஆகிய கன்சோல்கள் ஜப்பானில் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தன.

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் நிறுவனம் வேண்டுமென்றே சரக்கைப் பதுக்குகிறது என்ற குற்றச்சாட்டும் கூடவே வரும். அதற்கு ஓரளவு வரலாற்று ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் அட்டாரி காலத்து நிறுவனங்கள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்து 1983இல் சந்தையையே கவிழ்த்தன. விற்காத விளையாட்டுக் கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் லாரி லாரியாகப் புதைத்தார்கள். அடுத்து அதே சந்தைக்குள் நுழைந்த நிண்டெண்டோ, தேங்கிய சரக்குதான் முதல் எதிரி என்ற பாடத்தோடு வந்தது. 1988இல் கடைக்காரர்கள் கேட்டது 11 கோடி கேசட்டுகள். நிண்டெண்டோ அனுப்பியது 3.3 கோடி என்று அந்நிறுவனத்தின் வரலாற்றை எழுதிய டேவிட் ஷெஃப் பதிவு செய்கிறார். அந்த ஆண்டு நினைவகச் சில்லுகளுக்கும் பஞ்சம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கேசட்டுக்குப் பொருந்தும் கணக்கு கன்சோலுக்குப் பொருந்தாது. கேசட்டில் லாபம் உண்டு; புதிய கன்சோல் பெரும்பாலும் அடக்க விலைக்கு நெருக்கமாகவோ நஷ்டத்திலோதான் விற்கப்படுகிறது. 2006இல் 499 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3இன் மலிவு மாதிரிக்கு உற்பத்திச் செலவு 800 டாலருக்கு மேல் என்று ஐசப்ளை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. போட்ட பணம் விளையாட்டுகள் விற்றால்தான் திரும்பும். மறுவிற்பனைக்காரரின் அலமாரியில் சீல் பிரிக்காமல் கிடக்கும் கன்சோலுக்கு யாரும் விளையாட்டு வாங்குவதில்லை. இடையில் கைமாறும் கூடுதல் பணத்தில் உற்பத்தியாளருக்கு ஒரு காசும் சேராது.

உண்மையான காரணங்கள் தொழிற்சாலையிலும் நாட்காட்டியிலும் இருக்கின்றன. பல கன்சோல்கள் அதுவரை பேரளவில் செய்திராத ஏதோ ஒரு பாகத்தை நம்பி வருகின்றன. புதிய சில்லைத் தயாரிக்கத் தொடங்கும் முதல் மாதங்களில் கழிவு அதிகம், தேறுவது குறைவு. மாதங்கள் போகப்போகத்தான் தேர்ச்சி கூடும். கிறிஸ்துமஸ் விற்பனையோ அதுவரை காத்திருக்காது. ஆகவே உற்பத்தி மிகக் குறைவாக இருக்கும் வேளையும் தேவை உச்சத்தில் இருக்கும் வேளையும் ஒன்றாகிவிடுகின்றன. விலையோ மாதங்களுக்கு முன்பே மேடையில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதை ஏற்ற முடியாது. முதல் காட்சி டிக்கெட்டைத் தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி இதுதான்.

செகாவின் டிரீம்காஸ்ட் இந்தத் தட்டுப்பாட்டால் அடிபட்ட கன்சோல். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் அது வந்தபோது, என்இசி தயாரித்த வரைகலைச் சில்லு போதிய அளவில் கிடைக்கவில்லை. முன்பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. தயங்கி நின்ற வாடிக்கையாளர்கள் சோனியின் அடுத்த கன்சோலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். பதுக்கல்தான் தந்திரம் என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

அவர்கள் காத்திருந்த பிளேஸ்டேஷன் 2, 2000 மார்ச் 4 அன்று 39,800 யென் விலையில் வந்தது. முன்பதிவு தொடங்கியதுமே சோனியின் இணையதளம் முடங்கியது. இணைய ஆர்டர்களையும் சேர்த்து முதல் வார இறுதியில் விற்றவை சுமார் 9.8 லட்சம். டிவிடி படம் பார்க்கவும் உதவியதால் விளையாடாதவர்களும் வாங்கினார்கள். அக்டோபர் 26 அன்று 299 டாலருக்கு அமெரிக்காவில் வந்தபோது, வாக்களித்த 10 லட்சத்தில் பாதியைத்தான் சோனியால் அனுப்ப முடிந்தது. காரணம் பாகத் தட்டுப்பாடு. ஈபே ஏலத்தில் விலை 1,000 டாலரைத் தாண்டியது. அதுவரை வெளிவிலை என்பது கடை வாசலிலும் தெரிந்தவர்களிடமும் நடக்கும் பேச்சு. இப்போது அது எவரும் திரையில் பார்க்கக்கூடிய எண்ணாகிவிட்டது. பார்த்தவர்களில் சிலர் அடுத்த முறை விற்பதற்காகவே வரிசைக்கு வந்தார்கள்.

அந்த அடுத்த முறை 2006 நவம்பர். பிளேஸ்டேஷன் 3இன் ப்ளூ-ரே இயக்கிக்குத் தேவையான நீல லேசர் டயோடு போதவில்லை. ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அமெரிக்காவில் கடை வாசல்களில் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் வரிசையில் நின்ற ஒருவரை வழிப்பறிக்காரர்கள் சுட்டுக் காயப்படுத்தினார்கள். 599 டாலர் விலையுள்ள உயர் மாதிரிக்கு ஏலத்தில் 2,000 டாலருக்கு மேல் கேட்டார்கள், கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஓரிரு மாதங்களில் கடை அடுக்குகளில் பிளேஸ்டேஷன் 3 தாராளமாகக் கிடைத்தது. தாமதமாக விற்க நினைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அதே வாரம் 249.99 டாலருக்கு வந்த நிண்டெண்டோவின் வீ இதற்கு நேர்மாறு. கூடுதல் விலை அவ்வளவு உச்சத்துக்குப் போகவில்லை. ஆனால் தட்டுப்பாடு 2008 வரை நீடித்தது. மாதம் 18 லட்சம் தயாரித்தும் போதவில்லை. 2007 கிறிஸ்துமஸுக்கு, பணம் செலுத்தியவர்களுக்குப் பின்னர் கன்சோல் தருவதாக உறுதிச்சீட்டு கொடுக்கும் நிலை வந்தது.

பிளேஸ்டேஷன் 5உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 2020 நவம்பரில் வந்தபோது தெருவரிசையே இல்லை. கொரோனா காலத்தில் விற்பனை பெரும்பாலும் இணையத்துக்கு மாறியிருந்தது. கூடாரம் போட்டுக் காத்திருக்கும் பொறுமை முன்பு ஒரு தடையாக இருந்தது. ஒருவர் ஓரிரண்டுக்கு மேல் வாங்குவது அரிது. பாட் எனப்படும் தானியங்கி நிரலுக்கு அந்தத் தடை கிடையாது. நவம்பர் 25 அன்று நடந்த ஒரே விற்பனையில் முதல் 30 நிமிடங்களில் 2 கோடிக்கும் மேற்பட்ட பாட் முயற்சிகளைத் தடுத்ததாக வால்மார்ட் அறிவித்தது. தொடக்க வாரங்களில் 499 டாலர் பெட்டியின் வெளிவிலை ஏறத்தாழ இரட்டிப்பு. கன்சோலின் புகைப்படத்தை மட்டும் ஏலத்துக்கு வைத்து, விளக்கத்தைப் படிக்காதவர்களை ஏமாற்றிய கூத்தும் நடந்தது.

உற்பத்தி குறைவாக இருந்தது என்று இதற்குச் சொல்லிவிட முடியாது. 2020 டிசம்பர் முடிவதற்குள் சோனி 45 லட்சம் அனுப்பியது. 2021 ஜூலையில் 1 கோடியைத் தொட்டது. அதற்கு முன் அந்நிறுவனத்தின் எந்தக் கன்சோலும் இத்தனை வேகத்தில் விற்றதில்லை. ஆனால் இரு போட்டிக் கன்சோல்களின் மூளையும், கணினிச் செயலிகள் பலவும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் ஒரே 7 நானோமீட்டர் வரிசையை நம்பியிருந்தன. வீட்டுக்குள் முடங்கிய உலகம் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் கேட்டது. இந்தியாவுக்கு பிளேஸ்டேஷன் 5 வந்தது 2021 பிப்ரவரி 2 அன்று, 49,990 ரூபாய்க்கு. ஜனவரி 12இன் முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்தது. தட்டுப்பாடு நீங்கிவிட்டதாக சோனி அறிவிக்க 2023 ஜனவரி ஆயிற்று.

சட்டம் இதில் பெரிதாக உதவவில்லை. அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு பாட் தடைச் சட்டமும், ஜப்பானின் 2019ஆம் ஆண்டு மறுவிற்பனைத் தடைச் சட்டமும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டுமே. கன்சோல்களையும் சேர்க்க பிரிட்டன் நாடாளுமன்றத்தில் டக்ளஸ் சாப்மன் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. எனவே யார் வாங்குகிறார் என்று பார்க்கும் வேலை கடைகளிடமும் உற்பத்தியாளர்களிடமும் வந்து சேர்ந்தது. ஜப்பானியக் கடைகள் வரிசையை விட்டுக் குலுக்கலுக்கு மாறின. சில கடைகள், புதுச்சரக்கு என்ற மதிப்பு போகட்டும் என்று பெட்டியைப் பிரித்தே கொடுத்தன.

2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2 இந்த வழியில் வெகுதூரம் போனது. நிண்டெண்டோவின் ஜப்பானிய இணையக் கடையில் குலுக்கலில் சேரவே பழைய ஸ்விட்சில் 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், அதன் இணையச் சேவைக்கு ஓராண்டு சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பழைய பொருள் விற்கும் மெர்காரி, யாஹூ, ரகுடென் தளங்களோடு முறைகேடான மறுவிற்பனையைத் தடுக்க உடன்பாடு செய்யப்பட்டது. சரக்கையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்ததால் முதல் நான்கு நாட்களில் உலகெங்கும் 35 லட்சம் விற்றன. யென் மதிப்பு சரிந்திருந்த வேளையில் ஜப்பானில் வாங்கி வெளிநாட்டில் விற்பதைத் தடுக்க, ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் கன்சோலுக்கு 49,980 யென்னும் பன்மொழிக் கன்சோலுக்கு 69,980 யென்னும் விலை வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சோனியும் 55,000 யென் விலையில் ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட பிளேஸ்டேஷன் 5 ஒன்றை அந்நாட்டில் இறக்கியது.