மதகு அடைபட்டால்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மாரடைப்பு என்றதும் கொழுப்பு, சர்க்கரை, பீடி, சிகரெட் என்றுதான் நமக்கு நினைவு வரும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இதயத் தமனிகளின் வாயிலேயே சுருக்கம் விழுவதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. அவற்றின் கதை நூறாண்டுக்கும் மேல் பழையது. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு துவாரங்கள் உண்டு. இதயத் தசை தனக்கான ரத்தத்தை எடுத்துக்கொள்வது அந்த வழியாகத்தான். ஏரிக்கரையில் மதகு இருப்பது போல என்று வகுப்பில் சொல்வேன். வாய்க்கால் சுத்தமாக இருந்தாலும், கரை கெட்டு மதகு அடைபட்டால் வயல் காயும். அந்தத் துவாரங்கள் இருப்பது பெருந்தமனியின் சுவரில். ஆகவே சுவருக்கு வரும் நோய் வாயையும் அடைக்கும்.

முதல் குற்றவாளி சிபிலிஸ். நம் ஊரில் பறங்கிப்புண் என்பார்கள். கிருமி உடலில் புகுந்து பத்து, இருபது, முப்பது வருடம் கழித்துப் பெருந்தமனியின் சுவரைத் தாக்கும். சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு, சுவர் தழும்பேறி, வாய் சுருங்கும். 1905ல் ஷவுடினும் ஹாஃப்மனும் பெர்லினில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். 1906ல் வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்தது. 1910ல் எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் உருவாக்கிய சால்வர்சான் மருந்து விற்பனைக்கு வந்தது. 1943ல் அமெரிக்காவில் மஹோனி பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். அதன்பின் இந்த வகை இதயநோய் அபூர்வமாகிவிட்டது.

இரண்டாவது கதை ஜப்பானில், ஒரு கண் மருத்துவரிடம் தொடங்குகிறது. 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் மாலை போலப் பின்னிக் கிடந்ததை மிகிட்டோ டகயாசு 1908ல் எழுதினார். அதே போன்ற கண்ணுள்ள தங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்று ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர் தெரிவித்தார்கள். கண்ணில் தெரிந்தது விளைவு மட்டுமே. நோய் இருந்தது பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும். பிற்காலத்தில் இதை 'நாடியற்ற நோய்' என்றார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது, ஆசியாவில் அதிகம். சிலருக்கு இதயத் தமனிகளின் வாயையும் அடைத்துவிடும்.

மூன்றாவது, மருந்தே விட்டுப்போன தழும்பு. ஹாட்ஜ்கின் போன்ற புற்றுநோய்க்கு நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றுப் பிழைத்தவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து இதே இடத்தில் சுருக்கம் வந்தது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன்? என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு 26 வயது. மாடி ஏறினால் நெஞ்சு இறுகும். முதலில் பார்த்த இடத்தில் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் இடக்கையில் பிரஷர் சரியாகக் கிடைக்காமல் நர்ஸ் வலக்கையிலும் பார்த்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். அங்கிருந்துதான் நோய் வெளிப்பட்டது.

காரணம் தெரிவது வெறும் தகவல் அல்ல, வைத்தியமே அதைப் பொறுத்துத்தான். சிபிலிஸ் என்றால் பெனிசிலின் வேண்டும். டகயாசு நோய் என்றால் ஸ்டீராய்டு போன்ற மருந்தால் அழற்சியை முதலில் அடக்க வேண்டும். சுவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டென்ட் வைத்தால் மறுபடியும் அடைபட வாய்ப்பு அதிகம்.

ஆகவே வீட்டில் இளவயதுப் பெண் நெஞ்சுவலி என்றால் "இந்த வயசுல என்ன" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு கையில் மட்டும் பிரஷர் பார்த்து எழுதினால், மறு கையையும் நீட்டச் சொல்லுங்கள்.