வந்தியத்தேவன் வளர்ந்த விதம்

கல்கி தம் வார இதழில் 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. நம் புதுவையிலிருந்து கடலூர், சிதம்பரம் கடந்து தெற்கே சென்றால் வரும் வீராணம் ஏரிக்கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில், வாலிபன் வந்தியத்தேவனைக் குதிரைமேல் முதன்முதலாகச் சந்திக்கிறோம்.

ஆதித்த கரிகாலன் தந்தைக்கும் தங்கைக்கும் தந்த ஓலைகளைச் சேர்ப்பதே அவன் பணி. துடுக்கும் அவசரமும் வாய்க்கு வந்த பொய்யுமே அவனுடைய மூலதனம். பொய் சொல்லித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். நாமும் சிரித்தபடி வாசிக்கிறோம். (மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்ல நமக்குச் சற்றுத் தயக்கமே!)

இரண்டாம் பாகத்தில், கப்பலில் சிக்கிய அவனை மீட்க அருள்மொழிவர்மரே புயற்கடலில் துணிந்து வருகிறார். தனக்காக ஓர் இளவரசர் உயிரைப் பணயம் வைத்ததைக் கண்டவன், அதன்பின் தன் சாகசத்துக்காக மட்டும் ஓடுபவனாக இல்லை.

ஆனால் கடம்பூரில் அவனது சாமர்த்தியம் பலிக்கவில்லை. அவன் காக்க வேண்டிய கரிகாலன் இறக்கிறான். கொலைப்பழியும் தஞ்சைப் பாதாளச் சிறையும் அவனுக்கு மிஞ்சுகின்றன. அப்பழியைத் தன்மேல் ஏற்கத் துணிந்த மணிமேகலை, கதை முடிவில் அவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். ஏரிக்கரையில் நாம் கண்ட விளையாட்டுப் பிள்ளை அங்கே இல்லை.

வரலாற்றில் அவரைப் பற்றிக் கிடைப்பது சொற்பமே. குந்தவையின் கணவர் எனத் தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இந்த வளர்ச்சி முழுவதும் கல்கி தந்தது.