அடுப்புக்குப் போன மரம், கடைசலுக்கு வந்த கதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிர்நிறத்தில் கடைந்தெடுத்த நாற்காலிக் கால் ஒன்றைப் பார்த்தால், அது பால்மரக் கட்டையாக, அதாவது ரப்பர் மரக் கட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேடிக்கை என்னவென்றால், அந்த மரத்தைக் கட்டைக்காக யாருமே இங்கு கொண்டுவரவில்லை.

1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். மூவாயிரம்கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மலாயாத் தோட்டக்காரர்களுக்கோ அப்போது காப்பி மோகம். ரப்பரை நடச்சொல்லி விடாமல் நச்சரித்த சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்து ரிட்லிக்குக் கிடைத்த பட்டம், 'பைத்தியக்கார ரிட்லி'. கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிய, பிரேசில் மரமே கைகொடுத்தது. 1890-களில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் நட்டார்.

பால் வெட்டக் கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆளழைத்து வந்தார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறையும். மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். அதன்பின் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் புகைக்கூடமோ செங்கல் சூளையோதான் அதன் கதி.

மரச்சாமான் செய்ய யாரும் துணியாததற்குக் காரணம் உண்டு. கட்டை முழுக்க மாவுச்சத்து. அறுத்த சில நாளிலேயே நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். அழுத்தத் தொட்டியில் போரான் உப்பை ஏற்றி, சூட்டறையில் உலர்த்தும் முறை வந்தபிறகே நிலைமை மாறியது. கெப்போங் வன ஆய்வு நிலையமும் இந்த மரத்தைத் துருவி ஆராய்ந்தது. 1980-களில் அது மரச்சாமானாகக் கடல் கடந்தது. ஓக் மரத்துக்கு எந்த உறவும் இல்லாவிட்டாலும், 'மலேசிய ஓக்' என்ற பெயரிலும் விலைபோனது.

கடைசல் எந்திரத்துக்கும் நீண்ட வரலாறு. கிமு 300 வாக்கில் எகிப்தியப் பெட்டோசிரிஸ் கல்லறையில் செதுக்கிய காட்சியில் ஒருவர் வாரை இழுத்துக் கட்டையைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிக்கிறார். 1819-இல் அமெரிக்கர் தாமஸ் பிளாஞ்சார்ட், மாதிரி ஒன்றைத் தடவிக்கொண்டே அதேபோல் இன்னொன்றைக் கடையும் எந்திரம் செய்தார். அவருக்கு வேண்டியது துப்பாக்கிக் கட்டை. அதே உத்திதான் பின்னால் ஒரே அச்சில் ஆயிரம் நாற்காலிக் கால்களைத் தந்தது. அதற்குப் பால்மரம் வாகாக வாய்த்தது: அகன்ற இலை மரமாதலால் தாவரவியல் கணக்கில் வன்மரம், உளிக்கோ அடங்கிப்போகும், பூசிய சாயத்தையும் ஏற்கும்.

இப்போது கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. விறகென்று எரித்த கட்டையைத் தேடித் தொழிற்சாலைகள் அலைகின்றன. மலேசிய ரப்பர் ஆய்வாளர்கள் உருவாக்கிய 2000 வரிசைக் கன்றுகளின் இலக்கே இரண்டு: பாலும் வேண்டும், கட்டையும் வேண்டும். கன்று வாங்குபவர் இன்று அடிமரம் எவ்வளவு பருக்கும் என்றும் விசாரிக்கலாம். விக்கமிடம் யாரும் கேட்காத கேள்வி அது.