வசை வாங்கிய ஒரு திகில் கதை



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஒரு திகில் கதையைப் பற்றியும், அதைப் படித்தவர்கள் 130 ஆண்டுகளாக என்னென்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

கிரேக்கப் புராணத்தில் பான் என்றொரு தேவன் உண்டு. ஆட்டுக் கால்கள், தலையில் கொம்புகள், கையில் நாணல் குழல். ஆடு மேய்ப்பவர்களின் தெய்வம். ஆளில்லாத காட்டில் காரணமே தெரியாமல் நெஞ்சைக் கவ்வும் அச்சத்துக்கு அவனே காரணம் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். 'பேனிக்' என்ற ஆங்கிலச் சொல் அவன் பெயரிலிருந்து பிறந்ததுதான். ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில், கடலில் போன ஒரு கப்பலில் இருந்தவர்களுக்கு 'பான் இறந்துவிட்டான்' என்று ஒரு குரல் கேட்டதாக புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தேவன் சாகாமல் இருந்தால் என்ன ஆகும்? இதைத்தான் 'தி கிரேட் காட் பான்' என்ற குறுநாவல் சொல்கிறது. எழுதியவர் ஆர்தர் மேக்கன். 1863-ல் வேல்ஸ் நாட்டில், ஒரு காலத்தில் ரோமானியப் படை தங்கியிருந்த கார்லியன் என்ற ஊரில், பாதிரியார் மகனாகப் பிறந்தவர்.

கதை இதுதான். ரேமண்ட் என்ற மருத்துவர், மேரி என்ற பெண்ணின் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து அவளைப் பானைக் காண வைக்கிறார். அவளுக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது. அவளுக்குப் பிறக்கும் பெண் ஹெலன். அவள் வளர்ந்து லண்டனுக்கு வந்தபின், அவளோடு பழகிய பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள். அவர்கள் எதைக் கண்டார்கள் என்று மேக்கன் கடைசிவரை சொல்வதே இல்லை.

1894-ல் ஜான் லேன் பதிப்பகம் இதை நூலாக வெளியிட்டது. பத்திரிகைகள் கொதித்துவிட்டன. ஆபாசம் என்றார்கள் சிலர். பயமே வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது என்றார்கள் வேறு சிலர். 1895-ல் ஹாரி குவில்ட்டர் என்ற விமர்சகர் கடுமையாகத் தாக்கி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். ஆனாலும் அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தது!

ஆஸ்கார் வைல்டு சிறைக்குப் போனதும் அதே 1895-ல்தான். அதன்பின் இத்தகைய எழுத்தின் மீதே சந்தேகம் விழுந்தது. மேக்கன் 1897-ல் எழுதி முடித்த 'தி ஹில் ஆஃப் டிரீம்ஸ்' நாவல் அச்சேற 1907 வரை காத்திருந்தது.

மேக்கன் என்ன செய்தார் தெரியுமா? தன் நூல்களுக்குக் கிடைத்த வசைகளையெல்லாம் சேர்த்து வைத்து, 1924-ல் ஒரு தனி நூலாகவே வெளியிட்டார். அதற்கு 'விலைமதிப்பற்ற தைலங்கள்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அந்த நெஞ்சுரத்தைப் பாருங்கள்!

காற்று மெல்லத் திசை மாறியது. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927-ல் வெளியான தம் கட்டுரையில், தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்று குறை சொல்லிவிட்டு, அச்சத்தைப் படிப்படியாக ஏற்றும் திறமையைப் பாராட்டினார். நம் காலத்தில் ஸ்டீபன் கிங் இதை ஆங்கிலத் திகில் கதைகளின் முதல் வரிசையில் வைக்கிறார்.

இன்றைய வாசகர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். தெருவில் பட்டினி கிடந்த சிறுமியை நான்தானே காப்பாற்றினேன், அவள் உயிர் என்னுடையது, என் விருப்பப்படி பயன்படுத்துவேன் என்கிறார் ரேமண்ட். அன்றைய விமர்சகர்களின் கோபமெல்லாம் ஹெலனைச் சுற்றியே இருந்தது. இன்று படிப்பவர்களுக்கு அந்த மருத்துவரின் பேச்சுத்தான் குலை நடுங்க வைக்கிறது. சோறு போட்டவன் உயிருக்கு உரிமை கொண்டாடலாமா? மேரியின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது படிப்பவர்களின் கண். ஒரு காலம் எதைக் கண்டு கூச்சலிட்டது, எதைக் கண்டும் காணாமல் போனது என்பதைத் தெரிந்துகொள்ள, பழைய மதிப்புரைகளும் வரலாற்று ஆவணங்களே.

ஆகவே செல்வங்களே, ஊரே திட்டுகிறது என்று ஒரு நூலை ஒதுக்காதீர்கள். ஊரே புகழ்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நீங்களே படித்துப் பாருங்கள். நாம் இன்று எந்த மேரியைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம் என்றும் யோசியுங்கள். தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். மதிப்பெண் போட மாட்டேன்!