மிராய் (தீநிரல்)

மிராய் என்பது இணையத்துடன் இணைந்த கண்காணிப்பு கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றுக்குள் புகுந்து, ஒரு தளத்தை அளவுக்கு மீறிய கோரிக்கைகளால் முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல்களுக்கு அவற்றைப் பயன்படுத்திய தீநிரல். 2016 ஆகஸ்டில் கண்டறியப்பட்டது.

செயல்படும் முறை

இணையத்தில் தற்போக்காக ஐபி முகவரிகளைத் துழாவி, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட் வாயில் (எண் 23, 2323) திறந்திருக்கும் கருவிகளை மிராய் தேடும். ‘அட்மின்/அட்மின்’, ‘ரூட்/888888’ போன்று ஆலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மாற்றி மாற்றி இட்டுப் பார்க்கும். புகுந்ததும், வேறு தீநிரல்கள் வராதபடி டெல்நெட் வழியை மூடிவிடும். தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால், கருவியை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் தொற்றும்.

தாக்குதல்கள்

2016 செப்டம்பர் 20 அன்று இணையப் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளம் நொடிக்குச் சுமார் 620 கிகாபிட் அளவிலான தாக்குதலுக்கு உள்ளானது. அம்மாத இறுதியில் மிராயின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டதால் பலரும் அதைக் கையாளத் தொடங்கினர். அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின், தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சேவை தாக்கப்பட, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் முதலியவை அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. மிராயை உருவாக்கிய பராஸ் ஜா, ஜோசையா வைட், டால்டன் நார்மன் ஆகியோர் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

பலவீனமும் பாதுகாப்பும்

பாதிக்கப்பட்ட கருவிகள் பலவற்றில் டெல்நெட் கடவுச்சொல் கருவியின் உள்நிரலான ஃபர்ம்வேரிலேயே பதிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றினாலும் அது மாறாது. அத்தகைய கருவிகளைத் தயாரித்த, ஹாங்சோவைச் சேர்ந்த சியோங்மாய் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெற்றது.

எனவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும், வெளியிலிருந்து கருவிக்கு வழி திறக்கும் யுபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங் ஆகியவற்றை ரவுட்டரில் அணைப்பதும் அவசியம். கேமராக்களுக்குத் தனி வலையமைப்பு ஒதுக்கி, வெளியூரிலிருந்து விபிஎன் வழியே பார்ப்பது கூடுதல் காப்பு.

சட்டங்கள்

பொதுவான கடவுச்சொல்லுடன் கருவிகளை விற்பதற்கு எதிரான கலிஃபோர்னியச் சட்டம் 2020 ஜனவரி 1 அன்றும், பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரல் 29 அன்றும் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் முதல் பொறுப்பு வாங்குபவரிடமிருந்து தயாரிப்பாளருக்கு மாறியது.